பழிச்சொல்லை வென்ற பத்திராதிபர்

ஒரு மனிதனை அறியாமலே அவனைப் பற்றி முடிவு கட்டிவிடும் வழக்கம் உலகத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவன் பிறந்த குலத்தின் பெயரைக் கேட்டவுடனே, அவன் இத்தகையவன் என்று மனத்தில் ஓர் உருவத்தைத் தீட்டிக்கொள்கிறோம். பின்னர் அம்மனிதனே நேரில் வந்து நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரிவது அவன் அல்லன்; நாம் முன்னமே தீட்டி வைத்த உருவமேயாம். இத்தீமை தெருவில் பிறக்கிறது, பள்ளிக்கூடத்தில் வளர்கிறது, பத்திரிகைகளில் அச்சேறுகிறது, முடிவில் யாரும் கேள்வி கேட்காத உண்மையைப் போல நாட்டில் நிலைத்துவிடுகிறது.

இதனைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றவர் அண்ணல் டாக்டர் பீமராவ் அம்பேத்கார். அவரைச் சட்ட மேதை என்றும், அரசியலமைப்பை வகுத்தவர் என்றும், தம்மத்தின் வாயிலை நமக்குத் திறந்துவிட்டவர் என்றும் நம்மவர் அனைவரும் அறிவர். அவர் பத்திராதிபராகவும் விளங்கினார் என்பதையும், அத்தொழிலை அவர் ஏன் மேற்கொண்டார் என்பதையும் நினைப்பவர் சிலரே. ஆதலின் அவ்வரலாற்றையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இளமையில் கண்ட உண்மை

அண்ணல் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைவீட்டில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், அன்னையார் பீமாபாய். பெற்றோருக்கு அவர் 14-ஆவது குழந்தை. தந்தையார் படையில் சுபேதார் பதவி வகித்தவர். படைவீரர்க்கான பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். குடும்பத்தின் பூர்விகம் கொங்கணத்தில் ரத்னகிரி மாவட்டத்து அம்பாவடே கிராமம்.

அவர் பிறந்த மகார் குலத்தார் தலைமுறை தலைமுறையாகப் படையில் ஊழியம் செய்தவர்கள். 1818 ஜனவரி முதல் நாள் பீமா நதிக்கரையில் கோரேகானில் நடந்த போரில் அக்குலத்து வீரர் பலர் போரிட்டு மடிந்தனர். அவ்விடத்து நினைவுத்தூணில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்ஙனமிருந்தும், அண்ணல் சிறு குழந்தையாக இருந்த 1890-களில் ஆங்கில அரசாங்கத்தார் ஒரு புதிய கொள்கையைக் கைக்கொண்டனர். சில குலத்தார் பிறவியிலேயே போர்க்குணம் உடையவர், ஏனையோர் அஃதிலார் என்பதே அக்கொள்கை. அதன்படி மகார்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கல்லில் பொறித்த சான்று கண் முன்னே நிற்க, ஏட்டில் எழுதிய பழி வென்றது. ஒரு பொய்யான எண்ணம் ஆட்சியாளரின் கையிற் சேருமாயின், அஃது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றைப் பறித்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சதாராவில் பள்ளியிற் பயின்ற காலத்தில் பாலகர் பீமராவ் ஏனைய மாணவரினின்று விலகி, வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணித்துண்டின்மேல் அமர்ந்தார். தாகமெடுத்தால் குழாயைத் தாமே தொடலாகாது; பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் இல்லை. சேவகன் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்புவதே விதியாயிற்று.

1901-ஆம் ஆண்டளவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் இறுதிவரை மறக்கவில்லை. தந்தையார் அப்பொழுது கட்டாவ் தாலுகாவிலுள்ள வேறொரு கோரேகானில் காசாளராக வேலை பார்த்து வந்தார். விடுமுறையில் அவரைக் காணும் பொருட்டு, பீமராவும் தமையனாரும் சகோதரியின் பிள்ளைகளும் புத்தாடை உடுத்து, மினுமினுக்கும் தொப்பி அணிந்து, இரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். கடிதம் தந்தையாரின் கைக்குச் சேராமையால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி பிள்ளைகளின் தோற்றத்தைக் கண்டு, உயர்குலத்துப் பிள்ளைகள் என்றெண்ணி அன்போடு விசாரித்தார். குலம் இன்னதென்று அறிந்த கணத்திலேயே அவர் முகம் மாறிற்று, விலகிச் சென்றார்.

வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல உடன்படவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி தருவதாகவும், பிள்ளைகளே வண்டியை ஓட்டுவதாகவும் ஏற்பாடாயிற்று. வண்டிக்குரியவன் தீட்டுக்கஞ்சி உடன் நடந்து வந்தான். கையில் உணவு இருந்தது. ஆயினும் குடிநீர் தருவார் ஒருவருமில்லாமையால், அவ்விரவு உண்ணாமலே உறங்கினர். அந்நிலையத்தில் ஒரு கணத்திற்கு முன்னும் பின்னும் நின்றவர் அதே பிள்ளைகள், ஆடையும் அதே, முகமும் அதே. மாறியது ஒரு சொல் மாத்திரமே. அன்பர்கள் இதனை மனத்தில் இருத்துவார்களாக.

பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபொழுது, பலகைக்குப் பின் வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்படுமென்று ஏனைய மாணவர் ஓடிச்சென்று அவற்றை எடுத்தனர். சமஸ்கிருதம் பயில விரும்பியவர்க்கு அது மறுக்கப்பட்டுப் பாரசீகமே கிடைத்தது. ஆயினும் 1907-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறினார். அதனைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் பெரியார், மராத்தியில் தாம் இயற்றிய பகவான் புத்தரின் சரித்திரத்தை அவர்க்குப் பரிசளித்தார். அவ்விதை முளைத்து மரமாதற்கு 49 ஆண்டுகள் சென்றன.

கல்வியும் தீர்க்காத கறை

கற்றால் இழிவு தீரும் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். அண்ணலின் வரலாறு அதனை முழுதும் மெய்ப்பிக்கவில்லை. பரோடா மன்னரின் உதவியால் 1913-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எம். ஏ. பட்டம் பெற்று, பின் இலண்டனிலும் பயின்று, 1917-இல் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா அரசாங்கத்தில் பணியேற்றார். அலுவலகச் சேவகர்கள் கோப்புகளைக் கையிற் கொடாது மேசைமேல் எறிந்தனர். தங்க இடமின்றிப் பார்சியர் விடுதி ஒன்றில் வேற்றுப் பெயரில் தங்கினார். 11-ஆம் நாள் கைத்தடிகளோடு வந்த கூட்டத்தார் அவரை வெளியேற்றினர். இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் இடந்தரத் தயங்கினர். பொதுப் பூங்கா ஒன்றில் ஐந்து மணி நேரம் காத்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான பின்னரும், ஆசிரியர் அறையின் தண்ணீர்க் குடத்தை அவர் தொடுவதற்குச் சிலர் மறுப்புத் தெரிவித்தனர்.

பட்டங்கள் ஒருவனை உயர்த்தலாம். ஆனால் பிறர் மனத்திலுள்ள உருவத்தை அவை அழிப்பதில்லை. அவ்வுருவத்தை அழிக்க வேண்டுமாயின், அதனை நாள்தோறும் தீட்டும் இடத்திற்கே செல்ல வேண்டும். அவ்விடங்களுள் ஒன்று பத்திரிகை என்பதை அவர் கண்டுகொண்டார்.

பேசாதவர்க்கு ஒரு பத்திரிகை

1920 ஜனவரி 31-ஆம் நாள், மாதம் இருமுறை வெளிவரும் மராத்திப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அதற்கு மூகநாயக் என்று பெயர். பேச்சற்றவர்களின் தலைவன் என்பது அதன் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா பொருளுதவி புரிந்தார். இத்தகைய பத்திரிகை வெளிவரப் போகிறதென்ற விளம்பரத்தை, அந்நாளில் பெரும் செல்வாக்குடன் விளங்கிய கேசரிப் பத்திரிகைக்கு உரிய கட்டணத்துடன் கொடுத்தும் அது வெளியிடப்படவில்லை.

அன்பர்களே! இதன் கருத்தை நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். பத்திரிகைகள் தாழ்த்தப்பட்டவர்க்குச் செய்யும் தீங்கு இருவகைப்படும். இழிவாக எழுதுதல் ஒன்று. எழுதாமலே விடுதல் மற்றொன்று. முன்னதற்கு மறுப்புக் கூறலாம். பின்னதற்கு எதைக் கொண்டு மறுப்பது? கோடிக்கணக்கான மக்கள் நாட்டில் இருந்தும் இல்லாதவராகின்றனர். பம்பாய் மாகாணத்துப் பத்திரிகைகள் பல, தத்தம் சாதியாரின் நலத்தையே நாடிப் பிறர் நலத்தைக் கருதுவதில்லை என்பதும், ஒரு வகுப்பார்க்கு நேரும் கேடு முடிவில் அனைவரையும் சாரும் என்பதும் மூகநாயக்கின் முதல் இதழில் அண்ணல் வற்புறுத்திய கருத்துக்கள்.

அவ்வாண்டிலேயே படிப்பை முடிக்கும் பொருட்டு மீண்டும் இலண்டன் சென்றார். அவர் இல்லாத காலத்தில் பத்திரிகை தளர்ந்து நின்றுபோயிற்று. 1923-இல் டாக்டர் பட்டத்தோடும் பாரிஸ்டர் தகுதியோடும் திரும்பினார்.

வதந்தி செய்த கொடுமை

1927 மார்ச் 19, 20 தேதிகளில் கொங்கணத்து மகாட் நகரில் மாநாடு கூடிற்று. அந்நகரத்துச் சவுதார் குளம் அனைவர்க்கும் உரியதென்று நகரசபையார் முன்னமே தீர்மானித்திருந்தும், தாழ்த்தப்பட்டோர் ஒருவரும் அதனை நெருங்க இயலாதிருந்தது. 20-ஆம் நாள் அண்ணல் முன்செல்ல, மக்கள் ஒழுங்காக அணிவகுத்துச் சென்று நீரை அள்ளிப் பருகித் திரும்பினர். ஆயின், இரண்டொரு மணி நேரத்தில் ஊரெங்கும் ஒரு வதந்தி பரவிற்று. அடுத்து இவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள் புகப் போகிறார்கள் என்பதே அது. அதில் உண்மை அணுவளவும் இல்லை. உண்மையா என்று கேட்டவரும் இலர். தடி கொண்டு வந்த கூட்டம், பந்தலில் உண்டுகொண்டிருந்தவர்களையும் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தாக்கிற்று. முஸ்லிம்களின் இல்லங்களில் சிலர் அடைக்கலம் புகுந்தனர். தம்மவர் திருப்பித் தாக்காவண்ணம் அண்ணல் அடக்கி வைத்தார். பின்னர் 108 குடம் பஞ்சகவ்வியம் கொட்டிக் குளத்தைச் சுத்தி செய்ததாகச் சடங்கு நடத்தினர்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3-ஆம் நாள், பகிஷ்கிருத பாரத் என்னும் பத்திரிகை பிறந்தது. விலக்கப்பட்டோர் பாரதம் என்று பொருள்படும். உதவியாளர் இல்லை, பணமும் இல்லை. பத்திகளிற் பெரும்பாலானவற்றை அண்ணலே எழுதினார். பகலில் வழக்கறிஞர் தொழில். இரவில் பத்திராதிபர் வேலை. மகாட்டில் நடந்தது இன்னதென்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வதந்திக்கு மருந்து வசையன்று, விவரமே என்பதை அவர் செயலால் உணர்த்தினார். குளத்தைப் பற்றிய வழக்கு 10 ஆண்டுகள் நடந்து, 1937 மார்ச் மாதம் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தாழ்த்தப்பட்டோர்க்குச் சாதகமாகத் தீர்ந்தது.

பகையிலும் நடுநிலை

பழிக்கப்பட்டவர், தம்மைப் பழித்த குலம் முழுவதையும் திருப்பிப் பழித்தல் எளிது. அண்ணல் அதனைச் செய்யவில்லை. மகாட் போராட்டத்திலிருந்து பிராமணர் அனைவரையும் விலக்கினால் துணை நிற்போம் என்று பிராமணரல்லாதார் தலைவர் சிலர் கூறியதை அவர் ஏற்கவில்லை. தாம் எதிர்ப்பது ஏற்றத்தாழ்வு என்னும் எண்ணத்தையே, ஒரு குலத்திற் பிறந்த மனிதரை அல்ல என்பது அவர் நிலை. 1927 டிசம்பர் 25-ஆம் நாள் மகாட்டில் மனுஸ்மிருதியைக் கொளுத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே என்பவரே பிராமணர்தாம். கேசரியை நடத்திய திலகரின் மைந்தர் ஸ்ரீதர் பந்த் திலகர், 1928-இல் தந்தையார் வாழ்ந்த இல்லத்திலேயே சமத்துவ சங்கத்தின் கிளையை நிறுவினார். அண்ணலின் உற்ற நண்பராக இருந்து, அவ்வாண்டிலேயே இளமையில் மறைந்தார். விளம்பரத்தை வெளியிடாத பத்திரிகையின் வீட்டிலிருந்தே ஒரு நண்பர் வந்தார்! அவ்வீட்டாரெல்லாம் இத்தகையவரே என்று அண்ணல் முடிவு கட்டியிருப்பாராயின், அந்நண்பரை இழந்திருப்பார் அன்றோ?

ஆலையிலும் தீட்டு

அண்ணல் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளரிடையே நெடுங்காலம் வாழ்ந்தவர். பம்பாய் நெசவாலைகளில் நூற்புப் பகுதியில் தாழ்த்தப்பட்டவர்க்கு வேலை உண்டு. கூலி மிகுந்த நெசவுப் பகுதியிலோ இடமில்லை. காரணம் யாதெனில், பழைய தறிகளில் தார்க்குச்சி தீர்ந்து புதியது மாட்டும்பொழுது, நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தல் வேண்டும். ஒருவர் வாய் பட்டதில் மற்றவர் வாய் படுவது தீட்டாம். 1928-ஆம் ஆண்டுப் பெரு வேலைநிறுத்தத்தின்பொழுது, இத்தடையை நீக்குவதும் கோரிக்கைகளுள் ஒன்றாதல் வேண்டுமென்று அண்ணல் வற்புறுத்தினார். உழைப்பாளர் அனைவரும் ஒன்று என்று முழங்கியவர்களும் தயக்கத்தோடே அதற்கு இணங்கினர்.

நாமும் ஆலையில் உழைத்தவராதலின் ஒன்றை மறையாது கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாம் தறி ஓட்டிய நாளில், உடன் உழைத்த ஒருவரின் கூலிப்பணம் காணாமற் போயிற்று. எல்லோருடைய விரலும் கழிவுப் பஞ்சு கூட்டும் தொழிலாளியை நோக்கி நீண்டது. அவர் நமக்கும் கீழாக எண்ணப்பட்ட குலத்தவர். நம் விரலும் நீண்டது. இரண்டு நாள் கழித்து, அப்பணம் தறியின் அடியில் எண்ணெய்த் துணிக்குள் அகப்பட்டது. அத்தொழிலாளி மீண்டும் வேலைக்கு வந்தார். ஆயின் அதன்பின் நம் முகத்தைப் பார்த்து அவர் பேசியதில்லை. பிறர் நம்மை அறியாது பழித்ததை எண்ணி எண்ணி வருந்திய நாமே, ஒருவரை அறியாது பழித்தோம். ஏணியின் படிபோல் அமைந்த சாதியில், மிதிபடுவோர் ஒவ்வொருவர்க்கும் மிதிப்பதற்கு ஒருவர் கிடைக்கிறார். அதனாலேயே இக்கட்டடம் விழாமல் நிற்கிறது என்று அண்ணல் ஆராய்ந்து கண்டதை நாம் நூலில் படித்து அறிந்ததற்கு முன்னே, அன்று அறிந்தோம்.

ஏச்சும் கேலிச்சித்திரமும்

1930 முதல் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் தாழ்த்தப்பட்டோரின் உரிமைக்காக வாதாடியபொழுது, நாட்டின் பகைவர், ஆங்கிலேயரின் கருவி என்றெல்லாம் பத்திரிகைகள் அவரை ஏசின. அவ்வாண்டு நவம்பரில் அவர் ஜனதா என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் புனா ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அவர்மீது பொழிந்த வசைக்கு அளவில்லை. 1936-இல் லாகூரிலிருந்து சாதி ஒழிப்புச் சங்கத்தார் ஒருவர் தலைமையுரைக்கு அவரை அழைத்துவிட்டு, எழுதிய உரையைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டனர். அவர் சினந்து நிற்கவில்லை. தம் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன.

1932 முதல் 1948 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அவரைப் பற்றி வெளிவந்த நூற்றுக்கு மேற்பட்ட கேலிச்சித்திரங்களை, உன்னமதி சியாம் சுந்தர் என்னும் ஆராய்ச்சியாளர் தொகுத்து 2019-இல் நூலாக வெளியிட்டார். அண்ணல் உருவத்தில் பெரியவர். அச்சித்திரங்கள் பலவற்றில் அவர் சிறுவராகவோ குள்ளராகவோ காட்டப்படுகிறார். கருத்தை எதிர்ப்பது பத்திரிகையின் உரிமை. அதனை நாம் குறை கூறோம். ஆளைச் சிறிதாக்கிக் கருத்தையும் சிறிதாக்கிக் காட்டுவது வேறு வகை.

அரசியலமைப்பு மெல்ல நகர்கிறதென்று, நத்தையின்மேல் அவரை அமர்த்தி, பின்னால் பண்டித நேருவைச் சவுக்கோடு நிறுத்தி, 1949-இல் சங்கர் வரைந்த சித்திரமும் உண்டு. அது பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றிருந்தமையால் 2012 மே மாதம் பாராளுமன்றத்தில் பெருங்கிளர்ச்சி உண்டாகி நீக்கப்பட்டது. சித்திரத்தை நீக்கியது சரியோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நாம் கூற விழைவது, அச்சித்திரம் காட்டாத உண்மையையே. அரசியலமைப்பு நிர்ணய சபையில் 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் 2,473 சபைமுன் கொண்டுவரப்பட்டன. வரைவுக் குழுவினர் எழுவருள் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்கா சென்றார், ஏனையோர்க்கும் வேறு அலுவலும் உடல்நலக் குறைவும் இருந்தமையால் வரைவுப் பாரம் முழுவதும் அம்பேத்கார் ஒருவர்மேலேயே விழுந்ததென்று, 1948 நவம்பரில் அச்சபையிலேயே எடுத்துரைத்தவர் நம் தமிழ்நாட்டு டி. டி. கிருஷ்ணமாசாரி. நீரிழிவு நோயால் நலிந்த உடலோடு அண்ணல் அப்பாரத்தைச் சுமந்தார்.

பிறந்தபொழுது மூடப்பட்ட படையின் கதவும் அவர் காலத்திலேயே திறந்தது. 1941-இல் அவர் இராணுவ ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் மகார் ரெஜிமெண்டு நிறுவப்பட்டது. போர்க்குணம் அற்றவர் என்று தள்ளப்பட்டவரின் பெயராலேயே ஒரு படை எழுந்தது!

தம்மத்தின் நிழலில்

இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறப்பதில்லை என்ற உறுதியை 1935 அக்டோபரில் இயோலாவில் வெளியிட்டவர், 21 ஆண்டுகள் ஆய்ந்து பௌத்தத்தைத் தேர்ந்தார். சென்னைப் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு 1907-இல் இயற்றிய பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலைப் போற்றி, 1948-ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு முன்னுரை வழங்கியவர் அண்ணலே என்பது தமிழ்ப் பௌத்தர்க்குப் பெருமை தருவது. 1956 பிப்ரவரியில் ஜனதாப் பத்திரிகை, விழித்தெழுந்த பாரதம் என்று பொருள்படும் பிரபுத்த பாரத் எனப் பெயர் மாறிற்று. பேச்சற்றோர், விலக்கப்பட்டோர், மக்கள், விழித்தெழுந்தோர் எனப் பத்திரிகைகளின் பெயர்களிலேயே ஒரு சமுதாயம் நடந்து வந்த வழி தெரிகிறது. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு திரிசரணம் ஏற்றார். டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.

பகவான் அருளிய எட்டு நெறிகளுள் நல்வாய்மை ஒன்று. பொய் கூறாமையும், புறங்கூறாமையும், கடுஞ்சொல் வழங்காமையும், பயனில சொல்லாமையும் அதன் உறுப்புக்களாம். அறியாத ஒருவரைப் பற்றி, அறிந்தவர்போற் பேசுதல் இந்நான்கினையும் ஒருங்கே மீறுவதாகும். இந்நாளில் செய்தி, பத்திரிகையின் வாயிலாக மட்டும் வருவதில்லை. ஒவ்வொருவர் கையிலும் அச்சுக்கூடம் ஒன்று இருப்பதுபோலாகிவிட்டது. மகாட்டில் ஒரு வதந்தி ஊரெங்கும் பரவ இரண்டொரு மணி நேரம் ஆயிற்று. இன்று கணப்பொழுது போதும். ஆதலின் ஒரு குலத்தையோ, மதத்தையோ, ஊரையோ இழித்துரைக்கும் செய்தி நம் கைக்கு வருமாயின், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் உண்மையா என்று ஒரு முறை கேட்போமாக. அண்ணலின் படத்திற்கு மாலையிடும் கை, அறியாத ஒருவரை நோக்கி விரல் நீட்டாதிருக்கட்டும். நாம் ஒருமுறை நீட்டியவர். ஆதலின் இதனைக் கூறுகின்றோம்.